எங்கள் கிணறுகளும் கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்களும்

(நூற்றாண்டு விழா நிகழ்வுகளின் ஓர் அங்கமாகக் கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கு என்னை அழைத்தபோது சங்கத்தார் ஒரு நிபந்தனை விதித்தார்கள். என் கலாநிதிப் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசலாம். ஆனால் சாதாரணதரத்தோடு விஞ்ஞானத்துக்கு விடைகொடுத்தவர்களுக்கும் அது விளங்க வேண்டும் என்றார்கள். நியாயமான நிபந்தனை. என் ஆய்வின் தலைப்பைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஒட்சிசன் இல்லாத நிலத்தடி நீரில் பெற்றோலிய மாசுகளை உடைக்கும் நுண்ணங்கிகள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இருந்து அந்த ஆய்வைச் செய்தேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இதைக் கேள்விப்பட்டவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "பிள்ளை, உந்தக் கிருமியளைக் கொண்டுவந்து எங்கட கிணத்துக்குள்ள விட ஏலாதோ?" சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல அது. தன் வளவுக் கிணற்றில் எண்ணெய் மிதப்பதைக் கண்ட ஒருவர் கேட்கும் கேள்வி. அதற்கு முழுமையான பதில் சொல்லவே இன்று இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எங்கள் நீரைப் பற்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் விழும் மழைதான் எங்கள் வருமானம். சுண்ணாம்புக்கல்தான் எங்கள் வங்கி. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு ஆழமற்ற கடலின் அடியில் படிந்து உருவான கல் அது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கும் கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கும் நிலத்தின் கீழே வழிகள் உண்டு என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

மழையை விரைவாக உள்ளே வாங்கும் அதே வெடிப்புகள் மற்றவற்றையும் விரைவாக உள்ளே வாங்குகின்றன. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கீழே இறங்குகிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள மலசலகூடக் குழியிலிருந்தும் அதுவே இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் முதலில் ஆபத்துக்குள்ளாவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. உடலில் நைத்திரேற்று மாற்றமடைந்து, குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் கெடுக்கிறது. குழந்தை நீலம் பாரிக்கிறது. இங்கே இருக்கும் தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

எண்ணெய்க் கதை உங்களுக்குத் தெரியும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது, பவுசரில் தண்ணீர் வந்தது, வழக்கு நடந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபாய் செலுத்துமாறு பணித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் தீர்ப்பு எழுதப்பட்ட தாள் கிணற்றுக்குள் இறங்கி எண்ணெயை அகற்றாது. அந்த வேலையை யார் செய்வது? இங்கேதான் என் நுண்ணங்கிகள் வருகின்றன.

ஒரு நுண்ணங்கி எண்ணெயைத் "தின்கிறது" என்றால் என்ன பொருள்? நாங்கள் சோறு உண்கிறோம், ஒட்சிசனைச் சுவாசிக்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. உணவை உடைக்கும்போது வெளிவரும் இலத்திரன்களைக் கடைசியில் வாங்கிக்கொள்ள ஒன்று வேண்டும். எங்களுக்கு அது ஒட்சிசன். அது இல்லாவிட்டால் எங்கள் அடுப்பு அணைந்துவிடும். எண்ணெயில் இருப்பது ஐதரோகாபன். பற்றீரியாவுக்கு அது சோறு. ஒட்சிசன் இருக்கும் இடத்தில் எத்தனையோ வகைப் பற்றீரியாக்கள் அதை உண்டு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

சிக்கல் நிலத்துக்குக் கீழே தொடங்குகிறது. நீரில் ஒட்சிசன் சொற்பமாகவே கரையும். எண்ணெய் வந்து சேர்ந்ததும் பற்றீரியாக்கள் பெருகி அந்தச் சொற்பத்தையும் முடித்துவிடும். பிறகு அடுத்த படி. நைத்திரேற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை வேலையைத் தொடரும். அது தீர்ந்தால் இரும்பின் துருவைச் சுவாசிப்பவை. அதன் பின் சல்பேற்று. கடைசியாகக் காபனீரொட்சைட்டை மெதேனாக்குபவை. படி இறங்க இறங்கக் கிடைக்கும் சக்தி குறைகிறது, வேலையும் மெதுவாகிறது. பென்சீன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோலில் இருப்பது, புற்றுநோயை உண்டாக்குவது, குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு அந்த ஆறு காபன் வளையம் நினைவிருக்கும். ஒட்சிசன் இல்லாமல் அந்த வளையத்தைத் திறக்கவே முடியாது என்றுதான் நீண்ட காலமாகப் பலர் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை மாற்றியவர்களில் பெண்கள் பலர் இருந்தார்கள் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 1979 ஆகஸ்ட் 20ஆம் திகதி அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே, மசகு எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் எண்ணெய் கொட்டியது. அள்ளக்கூடியதை அள்ளிய பின்னும் நாலில் ஒரு பங்கு அளவு மண்ணுக்குள் தங்கிவிட்டது. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அந்த இடத்தை 1983 முதல் ஒரு திறந்தவெளி ஆய்வுகூடமாக்கியது. ஆண்டுக்கணக்காக அளந்தபோது, நிலத்தடி நீர் நகர்ந்த வேகத்துக்கு எண்ணெய் மாசு நகரவில்லை என்பது தெரிந்தது. வழியில் எதுவோ அதை உண்டுகொண்டிருந்தது. 1989இல் டெரெக் லவ்லி, மேரி ஜோ பேடெக்கர், இசபெல் கொசரெல்லி முதலியோர், இரும்பைச் சுவாசித்து எண்ணெயிலுள்ள அந்த வளையச் சேர்வைகளை உடைக்கும் பற்றீரியாவைப் பற்றி எழுதினார்கள்.

1992இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் எட்வேட்ஸ் என்ற மாணவியும் அவருடைய பேராசிரியை டூனியா கிர்பிச்-காலிச் அம்மையாரும் இன்னும் ஒரு படி போனார்கள். கதிர்த்தொழிற்பாடுள்ள காபனால் அடையாளமிட்ட பென்சீனை, ஒட்சிசன் துளியும் இல்லாத போத்தல்களில், நிலத்தடிப் படிவு நுண்ணங்கிகளுக்குக் கொடுத்தார்கள். அடையாளமிட்ட காபன் காபனீரொட்சைட்டாக வெளிவந்தது. வளையம் திறந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அதுவும் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வுதான். அந்த மாணவி பின்னர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார்.

இந்தத் துறையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று மாணவிகள் சிலர் உரைக்கு முன்னரே கேட்டார்கள். பெரும்பாலும் காத்திருப்பதில் கழியும். எங்கள் குடலில் வாழும் ஈ. கோலி பற்றீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒட்சிசன் இல்லாமல் பென்சீனை உடைக்கும் வகையோ இரட்டிக்க ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். நைதரசன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்றின் சுவரில் நீண்ட கையுறைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்குள் கையை விட்டு, உள்ளே உள்ள போத்தல்களைத் திறந்து வேலை செய்வோம். போத்தலில் ஒரு சாயம் கலந்திருக்கும். ஒட்சிசன் புகுந்தால் அது இளஞ்சிவப்பாகும். காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஒரு துளியை எடுத்து எவ்வளவு பென்சீன் மிச்சமிருக்கிறது என்று அளப்போம். பொறுமை, ஒழுங்கு, தவறாமல் பதிவேட்டில் எழுதுதல். செய்முறைக் கொப்பியைத் திகதி போடாமல் நீட்டினால் திருப்பித் தந்த எங்கள் இரசாயன ஆசிரியையை அப்போது நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

அந்தப் போத்தல்கள் எனக்குச் சொல்லித்தந்த முக்கியமான பாடம், பற்றீரியாக்கள் பெரும்பாலும் தனியே இந்த வேலையைச் செய்வதில்லை என்பது. ஒன்று பென்சீன் வளையத்தைத் திறக்கும். அதனால் வெளிவரும் ஐதரசனையும் அசற்றேற்றையும் மற்றவை உடனுக்குடன் எடுத்துவிடவேண்டும். தேங்கினால் முதலாவதின் வேலை நின்றுவிடும். குடும்பத்தைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்து வளர்க்கப் பார்த்தால் பெரும்பாலும் தோல்விதான்.

உலகில் நுண்ணங்கிகளைப் போத்தலில் கொண்டுபோய் நிலத்துக்குள் விடுவதும் உண்டு. உலர்சலவைக் கடைகளும் உலோகத் தொழிற்சாலைகளும் பயன்படுத்திய குளோரீன் கரைப்பான்கள் வட அமெரிக்காவில் எத்தனையோ இடங்களின் நிலத்தடி நீரைக் கெடுத்தன. 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர், அந்தக் கரைப்பானிலுள்ள குளோரீன் முழுவதையும் அகற்றும் டிஹாலோகொக்கோயிடீஸ் என்ற நுண்ணங்கியைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இவ்வகை நுண்ணங்கிகள் கலந்த வளர்ப்புகள் இன்று நூற்றுக்கணக்கான இடங்களில் பயன்படுகின்றன. ஆனால் அங்கும் எச்சரிக்கை தேவை. சரியான குழு அங்கே இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்று, வைனைல் குளோரைட்டு தேங்கும். அது தொடக்கத்தில் இருந்த மாசைவிடக் கொடியது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கிணறுகளுக்குள் கொண்டுவந்து விட முடியாதா?

என் பதில்: எண்ணெயை உண்ணும் பற்றீரியாக்களைக் கனடாவிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. அவை ஏற்கனவே எங்கள் மண்ணில் இருக்கின்றன. உலகில் எந்த மண்ணிலும் இருக்கின்றன. எண்ணெய் இயற்கையின் பொருள்தானே. இல்லாமல் இருப்பது அவற்றுக்கு வேண்டிய நிலைமை. எந்த இடத்தில் எது குறைகிறது, ஒட்சிசனா, போசணையா, நேரமா என்று அறிந்தால்தான் உதவ முடியும். இன்னொன்று, எங்கள் கல். மணலில் நீர் மெதுவாக ஊர்ந்து போகும். நுண்ணங்கிக்கு ஒட்டி வாழ இடமும் உண்ண நேரமும் கிடைக்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்பில் நீர் ஓடிப்போகும். பெமிட்ஜியின் மணலில் கற்றதை அப்படியே சுன்னாகத்தின் கல்லுக்குப் பொருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் முன்னே, மேலிருந்து வருவது நிற்கவேண்டும். குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துப் பயனில்லை.

இந்த இடத்தில் சில கெட்டிக்காரத் தங்கைமார் கேட்பார்கள்: "நைத்திரேற்றும் மாசு, எண்ணெயும் மாசு. ஒன்றைச் சுவாசித்து மற்றதை உண்ணும் பற்றீரியா இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடாதா?" நல்ல கேள்வி. அப்படிப்பட்ட பற்றீரியாக்கள் இருக்கின்றன. எண்ணெயிலுள்ள தொலுயீனை நைத்திரேற்றின் துணையோடு நன்றாகவே உடைக்கின்றன. பென்சீன் அவ்வளவு இலகுவில் இணங்குவதில்லை. எண்ணெய் கலந்த கிணறு ஒரு பக்கம், நைத்திரேற்று மிகுந்த கிணறு இன்னொரு பக்கம் என்று பரந்து கிடக்கும்போது இரண்டும் தாமாகச் சந்தித்துத் தீரும் என்று காத்திருக்கவும் முடியாது. ஆனால் ஆய்வுக்கு இது அருமையான கேள்வி. அதை ஆராயப்போகும் பெண் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம்.

நைத்திரேற்றைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை கூடுதல். அங்கே நிலைமை மறுவளம். சுவாசிக்க நைத்திரேற்று நிறைய இருக்கிறது. உண்ணக் காபன்தான் இல்லை. உணவு கொடுத்தால் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சுவாசித்து, பெரும்பாலும் தீங்கற்ற நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஒன்ராறியோவில் ரொபேட்சன், செரி என்ற இரு ஆய்வாளர்கள் மலசலகூடக் கழிவுநீர் போகும் வழியில் மரத்தூள் கலந்த தடுப்புகளை அமைத்துப் பார்த்து, 1995இல் அதன் பெறுபேற்றை வெளியிட்டார்கள். அவ்வாறான தடுப்பொன்று 15 ஆண்டுகளின் பின்னும் நைத்திரேற்றை அகற்றிக்கொண்டிருந்தது. மரத்தூள்! எங்கள் ஊர் அரிவு ஆலைகளில் குவிந்து கிடப்பது. ஆனால் கிணற்றுக்குள் மரத்தூளைக் கொட்டுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டாம், தண்ணீர் நாறிவிடும். கழிவுநீர் நிலத்தில் இறங்கும் இடத்தில், அளந்து, திட்டமிட்டு அமைக்கவேண்டியது அது.

அளந்து என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெமிட்ஜியில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அளந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் நிலத்தில் அளவீடுகள் உண்டு, தொடர்ச்சிதான் போதவில்லை. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் அறுந்துபோன தொடர்களில் இதுவும் ஒன்று. ஒரு கிணறு கெட்டுவிட்டது என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கும், ஒரு சிகிச்சை பலித்தது என்று ஆய்வில் சொல்வதற்கும், அது முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன கட்டலாம் என்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் கூட்டங்கள் நடக்கின்றன. வளைவும் வேண்டும், மண்டபமும் வேண்டும், மறுக்கவில்லை. அவற்றோடு ஒரு கிணற்றுப் பதிவேட்டையும் தொடங்குங்கள். விரும்பும் மாணவி ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கிணற்றை ஆண்டுக்கு இரண்டு முறை அளக்கட்டும்: மழைக்கு முன் புரட்டாதியில் ஒன்று, மழை ஓய்ந்து தையில் ஒன்று. நீர்மட்டத்தைக் கயிறும் அளவுநாடாவும் சொல்லும். உவர்த்தன்மையைக் கையடக்க மின்கடத்துதிறன் மானி சொல்லும். நைத்திரேற்றை நிறம் மாறும் சோதனைத்தாள் ஏறத்தாழச் சொல்லும். எண்ணெய் வாடையை மூக்கு சொல்லும். சந்தேகமான மாதிரியைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஒரு கட்டடத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பூச்சாடிக்கு ஆகும் செலவு. பத்து ஆண்டுகள் விடாமல் செய்தால், அந்தப் பதிவேடு விவசாயத் திணைக்களத்துக்கும் நீர்வழங்கல் சபைக்கும் வேண்டப்பட்ட ஆவணமாகிவிடும்.

இதற்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் மட்டும் போதாது. அளவுகளை அட்டவணைப்படுத்தக் கணிதமும் வர்த்தகமும் படிப்போர் வேண்டும். வயதானவர்களிடம் போய், இந்தக் கிணறு எப்போது வெட்டியது, எந்த ஆண்டில் உவர் ஏறியது என்று கேட்டு எழுதக் கலைப்பிரிவு மாணவிகள் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, உங்கள் பழைய வீட்டுக் கிணற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதி அனுப்புங்கள். இனிக்கும் கிணறு எது, குளிக்க மட்டும் ஆகும் கிணறு எது என்று எங்கள் அம்மாமார் நாக்கால் வைத்திருந்த பதிவேடு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

தங்கைமாரே, உங்களில் யாருக்காவது இந்தத் துறை பிடித்திருந்தால், பட்டம் பெறும் வரை காத்திருக்காதீர்கள். வருகிற புரட்டாதியில் உங்கள் வீட்டுக் கிணற்றில் தொடங்குங்கள். கொப்பியில் திகதி போட மறக்கவேண்டாம்.